பொம்மைப் படையின் நிறமும் நிலமும்

ரோமானியருக்கு எதிரான பித்னாப் போருக்கு மாசிடோனியப் படை அணியணியாக வெளியே வந்ததைப் புளூட்டார்க் வரிசைப்படுத்திச் சொல்கிறார். முன்னால் திரேசியர்கள்: நெடிய உருவம், கறுப்பு உள்ளங்கி, பளிச்சிடும் வெள்ளைக் கேடயம். அவர்களை ஒட்டிக் கூலிப்படைகள், ஆளுக்கொரு வகை ஆயுதத்துடன். மூன்றாவதாக மாசிடோனியரிலேயே பொறுக்கியெடுத்த இளைஞர்கள்: பொன்முலாம் பூசிய கவசம், புதுக்கருக்குக் கலையாத சிவப்பு மேலங்கி. அவர்களுக்குப் பின்னால் வெண்கலக் கேடயக்காரர்கள். போர் நடந்தது கி.மு. 168 ஜூனில். புளூட்டார்க் எழுதியது இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் பிறகு. ஆனாலும், களத்தில் நேரில் நின்ற ஸ்கிபியோ நசிகா எழுதியதை வைத்துக்கொண்டே இதைச் சொல்வதாகக் காட்டிக்கொள்கிறார்.

உலோகப் பொம்மைகளால் பண்டைய படைகளைத் திரட்டி மேசைமேல் போர் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பத்தி ஒரு புதையல். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சமே உயரமான 15 மி.மீ. வீரர்களோ, அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு உயரமான 28 மி.மீ. வீரர்களோ வார்ப்படப் பட்டறையிலிருந்து வெறும் உலோகமாகத்தான் வந்து சேர்கிறார்கள். பிசிறு நீக்கி, நிறம் தீட்டி, வரிசையாக ஒரு அடித்தட்டில் ஒட்டி, தட்டின் மேல் மண்ணும் புல்லும் போட்ட பிறகே அவர்கள் படை. அதற்கப்புறம்தான் விதிநூல், பகடை, அளவுகோல் எல்லாம். சிறிய ஆட்டத்துக்கு நாற்பது, ஐம்பது பொம்மைகள் போதும். பெரிய ஆட்டத்துக்குச் சில நூறு வேண்டும்.

ஆக வேலை இரண்டு: தீட்டுவது, தட்டில் நிறுத்துவது. முதல் வேலையைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதைக் கைவேலை என்று ஒதுக்கி, கடைசி அத்தியாயத்தில் நாலு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. பண்டைய படைகளின் நிறம் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். அவர்கள் எப்படி நின்றார்கள், எவ்வளவு இடம் எடுத்துக்கொண்டார்கள் என்பது பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அந்த அறிவு போய்ச் சேரும் இடம் தூரிகை அல்ல, அடித்தட்டு.

முதலில் இந்தப் பழக்கம் வந்த வழி. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ஹில்பெர்ட் குடும்பத்தார் வெள்ளீயத்தில் தட்டையான வீரர்களை வார்த்தார்கள். அடுத்த நூற்றாண்டில் அதே ஊரின் ஹைன்ரிக்சன் பட்டறை 30 மி.மீ. உயரத்தைப் பொது அளவாக நிலைநிறுத்தியது. குல்ம்பாக் ஊரின் பிளாசன்பர்க் கோட்டை அருங்காட்சியகத்தில் இந்த வகைப் பொம்மைகள் இன்று லட்சக்கணக்கில் இருக்கின்றன. தட்டைப் பொம்மைக்குத் திரட்சி கிடையாது. தோளின் வளைவையும் துணியின் மடிப்பையும் தீட்டுபவர்தான் நிழலும் ஒளியுமாகப் போட்டுக் காட்ட வேண்டும். இன்றைக்கும் பொம்மை தீட்டுவோர் பழகும் நிழல் முறையின் வேர்களில் ஒன்று இது. 1824இல் பிரஷ்ய ராணுவம் ஏற்றுக்கொண்ட ரைஸ்விட்சின் போர் ஆட்டத்தில் பொம்மைக்கே இடமில்லை. வரைபடத்தின் மேல் நீளச்சதுரக் கட்டைகளை நகர்த்தினார்கள். அந்தக் கட்டையைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கும். எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ நூலை வெளியிட்டபோது அவர் தரையில் பரப்பியவை கடையில் வாங்கிய, பட்டறையிலேயே தீட்டப்பட்ட பிரிட்டன்ஸ் பொம்மைகள். வீரர்களை வீழ்த்தியது சுருள்வில் பீரங்கி.

பண்டைய காலத்தை இந்த ஆட்டத்துக்குள் கொண்டுவந்ததில் பெரும்பங்கு டோனி பாத் என்ற ஆங்கிலேயருடையது. 1950களில் தட்டைப் பொம்மைகளை வைத்தே அவர் பண்டைய போர்களை ஆடினார். அவருடைய விதிகள் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் 1962ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றன. 1965இல் பாத் தொடங்கிய பண்டையப் போர் ஆட்டச் சங்கத்தின் இதழான ‘ஸ்லிங்ஷாட்’ இன்றும் வருகிறது. 1969இல் ஃபில் பார்க்கரும் நண்பர்களும் ‘வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப்’ என்ற பெயரில் பண்டையப் போர் விதிகளை அச்சிட்டார்கள். 1990இல் அதே வட்டத்திலிருந்து வந்த டி.பி.ஏ. என்ற மெல்லிய விதிநூல், ஒரு படைக்குப் பன்னிரண்டு தட்டுகள் போதும் என்றது. நடுவே 1960களில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ரோமானியர், பிரித்தானியர் பெட்டிகள் வந்தன. பையன்களின் கைச்செலவுக்குள் அடங்கிய விலை. ஒரே தொல்லை, வளையும் அந்தப் பிளாஸ்டிக்கில் நிறம் நிற்காது. ஈட்டியைச் சற்றே வளைத்தால் சாயம் செதில் செதிலாக உதிரும். இதற்காகவே முதலில் மரப்பசை பூசி, அதன்மேல் தீட்டும் உபாயத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இனி நிறம். ரோமானியப் படைவீரன் என்றதும் சிவப்பு அங்கிதான் கண்ணில் நிற்கிறது. அதை அங்கே நிறுத்தியது பெரும்பாலும் திரைப்படம். எகிப்தின் ஃபிலடெல்பியா ஊர் நெசவாளர்களுக்குக் கி.பி. 138இல் வந்த ஆணை ஒன்று பாப்பிரஸில் பிழைத்திருக்கிறது. கப்படோசியாவில் இருந்த படைக்கு உள்ளங்கியும் மேலங்கிகளும் நெய்து தரச் சொல்கிறது. நீளம், அகலம், எடை எல்லாம் குறித்து, அழுக்கில்லாத வெண்கம்பளியாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பு வேறு. கி.பி. 69இல் பேரரசர் விட்டெல்லியஸ் ரோமுக்குள் நுழைந்தபோது முகாம் தலைவர்களும் மூத்த செஞ்சூரியன்களும் வெள்ளை உடுத்தி முன்னே நடந்ததாக டாசிடஸ் சொல்கிறார். எப்போதும் வெள்ளைதானென்றால் அதைத் தனியே சொல்லியிருப்பாரா என்று ஒரு கட்சி. பதவிக்காரர்கள் மட்டும் வெளுத்த வெள்ளை, மற்றவர்கள் பழுப்பேறிய கம்பளியின் இயல்பு நிறம் என்று இன்னொரு கட்சி. சிவப்புக்கும் சான்று உண்டு. மஞ்சிட்டியின் உறவுச் செடி ஒன்றின் வேரிலிருந்து மலிவாகக் கிடைத்த சாயம் அது. கிரஹாம் சம்னர் இந்தச் சான்றுகளையெல்லாம் திரட்டி எழுதியிருக்கிறார். படித்து முடித்தால் உறுதி கூடுவதில்லை, கைக்குச் சுதந்திரம்தான் கூடுகிறது. ஒரு லெஜியனையே ஒரே சிவப்பில் முக்கி எடுப்பதைவிட, வெள்ளையும் மங்கல் வெள்ளையும் அங்கங்கே வெளுத்த செம்மையுமாகத் தீட்டுவது சான்றுக்கும் நெருக்கம், கண்ணுக்கும் நல்லது.

கேடயத்தின் கதை இன்னும் விநோதம். ரோமானியரின் வளைந்த நீளச்சதுரக் கேடயத்தில் முழு உருவத்தோடு மிஞ்சியது ஒன்றே ஒன்று. சிரியாவின் தூரா-யூரோபோஸில் தோண்டியெடுத்தது, இப்போது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. செந்நிறத் தளத்தில் கழுகு, சிறகு விரித்த வெற்றித் தேவதைகள், சிங்கம். ஜூலியஸ் சீசர் காலத்து வீரனின் கேடயத்தில் இதே கழுகை எழுதும்போது நாம் முந்நூறு ஆண்டுகளைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறோம். பிற்கால ரோமானியப் படைக்கு ‘நோட்டிஷியா டிக்னிடாட்டம்’ என்ற அரசுப் பதவிப் பட்டியல் இருக்கிறது. படைப்பிரிவு வாரியாகக் கேடயச் சின்னங்களை வண்ணத்தில் காட்டும் ஒரே ஆவணம். ஆனால் மூலம் தொலைந்துவிட்டது. நம்மிடம் இருப்பவை 15, 16ஆம் நூற்றாண்டுப் பிரதிகள், பிரதிக்குப் பிரதி நிறம் மாறுகிறது. அப்படியிருந்தும் அந்தச் சின்னங்களை ஒட்டுப்படமாக அச்சடித்து விற்கிறார்கள். தண்ணீரில் நனைத்துக் கேடயத்தில் ஒட்டினால், ஏதோ ஒரு மத்தியகால எழுத்தனின் தேர்வு 28 மி.மீ. வீரனின் கையில் வரலாற்று உண்மையாகிவிடுகிறது. இதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் பக்கத்து மேசைக்காரரின் சின்னம் தவறு என்று சண்டைக்குப் போவதுதான் வேடிக்கை.

கிழக்கே நிலைமை சற்று மேல். சிடோன் நகரில் 1887இல் கிடைத்து இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘அலெக்சாண்டர் சவப்பேழை’யின் புடைப்புச் சிற்பங்களில் பழைய நிறத்தின் எச்சம் ஒட்டியிருக்கிறது. மஞ்சள், ஊதா, நீலம், செம்பழுப்பு. பாரசீகரின் கால்சட்டைகளில் நிறைய நிறங்களில் பின்னல் கோலம். வின்சன்ஸ் பிரிங்க்மன் குழுவினர் இவற்றை ஆராய்ந்து நிறம் சேர்த்துச் செய்த மாதிரிகள் 2003 முதல் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் சுற்றின. வெள்ளைப் பளிங்குக்குப் பழகிய கண்கள் கூசின. பொம்மை தீட்டுபவர்களுக்கு அது உற்சாகம்; பாரசீகப் படையை எத்தனை பகட்டாகத் தீட்டினாலும் யாரும் கேள்வி கேட்க முடியாது. பாரசீக நகரான சூசாவின் பளபளப்பு ஓட்டுச் செங்கல் வில்லாளிகள் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாட்சி. சீனத்தில் 1974இல் வெளிப்பட்ட சுடுமண் படையின் நிலை இதற்கு எதிர். புதைந்திருந்தபோது நிறத்தோடு இருந்தவை. தோண்டி எடுத்ததும் அடிப்பூச்சான அரக்கு காய்ந்து சுருண்டு, சில நிமிடங்களிலேயே நிறத்தையும் உரித்துக்கொண்டு விழுந்தது. இப்போது பாலிஎத்திலீன் கிளைக்கால் ஊற்றிக் காக்கிறார்கள். சான்று கண்ணெதிரே அழிவதைப் பார்த்த ஆய்வாளர்களின் வேதனையை நினைத்துப் பார்க்கலாம்.

இந்தியப் படைகளுக்கும் விதிநூல்களில் பட்டியல்கள் உண்டு. தமிழர், சிங்களர் படைகளுக்கும்கூட. கி.மு. 326இல் அலெக்சாண்டரை எதிர்த்த போரஸின் படைதான் அதிகம் பேர் தீட்டுவது. அதற்கு நல்ல சான்று அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ் தந்தது, ஆரியன் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது: காலாளின் வில் அவன் உயரம் இருக்கும், ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடக்காலால் அழுத்தி நாணை இழுப்பான், பருத்தி ஆடை மற்றவர் ஆடையைவிடப் பளீர் வெள்ளை, தாடிக்குச் சாயம் பூசுவார்கள், ஒருவர் வெள்ளை, ஒருவர் கருநீலம், சிலர் சிவப்பு, ஊதா, பச்சை. பச்சைத் தாடி வைத்த பொம்மையை நான் பார்த்ததில்லை. நம்பும்படி இருக்காது என்று தீட்டுபவர்கள் பயப்படுகிறார்கள் போலும். யானையிலும் இதே கதைதான். ஐரோப்பியர் தீட்டும் போர்யானைகள் சிமெண்ட் சாம்பலாக நிற்கின்றன. நெற்றியிலும் காதோரத்திலும் தும்பிக்கையிலும் படரும் வெளிர்சிவப்புப் புள்ளிகளைக் கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த எவரும் மறக்கமாட்டார். தமிழர் படையைத் தீட்டுவதற்கு நேரான ஓவியச் சான்று பழைய காலத்துக்குக் கிடையாது. சிலர் அஜந்தாவின் 17ஆம் குகைக்குப் போகிறார்கள். இலங்கையில் சிம்மளன் என்ற கதைநாயகன் யானைகளோடும் குதிரைகளோடும் போரிடும் காட்சி அங்கே இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டு, வேறு நாடு, வேறு அரசு. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை.

இத்தனை ஓட்டைகளையும் அடைத்தது நூல்கள்தான். டங்கன் ஹெட் 1982இல் எழுதிய மாசிடோனிய, பியூனிக் போர்ப் படைகள் பற்றிய நூலில் இயன் ஹீத்தின் கோட்டோவியங்கள். நிறம் எழுத்தில் மட்டும், ‘இருக்கலாம்’, ‘ஒருவேளை’ என்ற சொற்களோடு. அது நேர்மையான ஏற்பாடு. ஆஸ்பிரே நிறுவனத்தின் சிறு நூல்களில் ஆங்கஸ் மெக்பிரைட் போன்றவர்கள் வரைந்த வண்ணப் பக்கங்கள் அந்தத் தயக்கத்தை விழுங்கிவிட்டன. ஓவியர் ஏதாவது ஒரு நிறம் வைத்துத்தான் ஆக வேண்டும். வைத்ததும் அது சான்று. பொம்மைக்காரர் அதைப் பார்த்துத் தீட்டுகிறார், படம் பிடித்துப் போடுகிறார், அடுத்தவர் அதைப் பார்த்துத் தீட்டுகிறார். இன்று நாம் ‘சரியான’ நிறம் என்று சொல்வதில் ஒரு பகுதி இப்படி மூன்று கை மாறி வந்தது.

தீட்டும் முறை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பொம்மையைச் சோப்பு நீரில் கழுவி, அச்சின் இரு பாதி சேர்ந்த கோட்டை அரத்தால் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். வெள்ளைப் பிரைமர் நிறத்தைப் பளிச்சென்று காட்டும். கறுப்புப் பிரைமர் விட்டுப்போன இடத்தையெல்லாம் நிழலாக்கி மறைக்கும். நூறு பொம்மை தீட்டுபவர் கறுப்பை விரும்புவதற்கு அழகியல் காரணம் தேட வேண்டாம். ஐஸ்குச்சியில் வரிசையாக ஒட்டி, ஒரு நிறத்தை எல்லாருக்கும் அடித்து முடித்துத்தான் அடுத்த நிறம். பிறகு நீர்த்த பழுப்பு மைப்பூச்சு. பள்ளங்களில் அது தேங்கி நிழலாகிறது. இதையே தடித்த மரவார்னிஷில் முக்கிச் சாதித்தார்கள் ஒரு காலத்தில். 2019இல் கேம்ஸ் வொர்க்ஷாப் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் சாயங்கள் அடிநிறம், நிழல் இரண்டையும் ஒரே பூச்சில் தருகின்றன. அதற்கு எதிர்முனையில் கோலின்ஸ்கி முடித் தூரிகை. சைபீரிய வீசல் என்ற சிறு விலங்கின் வால்முடி அது. வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் ‘சீரிஸ் 7’ தூரிகை 1866இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்யப்பட்டது என்பது தூரிகைப் பிரியர்கள் சலிக்காமல் சொல்லும் தகவல். கடைசியில் வார்னிஷ்: பளபளப்புப் பூச்சு பாதுகாப்புக்கு, மங்கல் பூச்சு பார்வைக்கு. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மங்கல் ஸ்பிரே வெண்புகையாகப் படிந்துவிடும். சென்னையிலும் கொழும்பிலும் மழைக்காலத்தில் இதைத் தொடாதிருப்பது நல்லது.

முக்கியமான கேள்வி, எவ்வளவு தீட்டுவது என்பது. ஆட்டத்தில் பொம்மையைப் பார்ப்பது மூன்றடித் தூரத்திலிருந்து, மேலிருந்து. தெருக்கூத்து முகவீணைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கட்டியக்காரனின் ஒப்பனை அளவுக்கு மீறித் தெரியும். விளக்கொளியில் கடைசி வரிசைக்காரருக்கு அதுதான் முகம். 15 மி.மீ. பொம்மையும் இப்படித்தான். உண்மையான மேலங்கியின் நிறத்தை அப்படியே கலந்து தீட்டினால் மேசையில் அது கறுப்பாகத் தெரியும். அதனால் எல்லா நிறத்தையும் ஒரு படி வெளுப்பாக்கி, மடிப்பின் மேட்டில் இன்னும் வெளுத்த கோடு போடுகிறார்கள். கண்மணி எழுதுவது வீண். கண்குழியில் ஒரு நிழல் போதும். கால்களில் மெனக்கெட வேண்டாம், யாரும் பார்ப்பதில்லை. கேடயம், தலைக்கவசம், தோள், குதிரையின் முதுகு: கண் போவது இங்கேதான். கெல்ட்டியரின் கட்டம் போட்ட துணி இதற்கு நல்ல சோதனை. ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில் உப்பில் ஊறிப் பிழைத்த துணித்துண்டுகளில் கட்டங்களும் கோடுகளும் உண்டு, டியோடோரஸும் கெல்ட்டியரின் கட்டமிட்ட மேலங்கிகளைப் பற்றிச் சொல்கிறார். ஆனால் முழுக் கட்டத்தையும் சிறு பொம்மையில் எழுதினால் சேறாகத்தான் தெரியும். இரண்டு குறுக்குக் கோடும் சந்திப்பில் ஒரு புள்ளியும் போதும், மீதியைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும். படை தீட்டுவது தனி உருவம் தீட்டுவதிலிருந்து பிரியும் இடம் இது. ஒரு வீரனை அழகாக்கும் உழைப்பை நாற்பது பேருக்குப் பகிர்ந்து கொடுத்தால், அந்த நாற்பது பேரில் ஒருவரும் தனித்து அழகாக இல்லாமலே படை அழகாக நிற்கும். போட்டிக்காகத் தனி உருவம் தீட்டுபவர்கள் படை தீட்ட உட்கார்ந்தால் மூன்றாவது வரிசையில் களைத்துவிடுவது இதனால்தான்.

அடித்தட்டுக்கு வருவோம். பிரஷ்ய ஆட்டத்தின் நீளச்சதுரக் கட்டை இங்கேதான் மறுபிறவி எடுக்கிறது. விதிநூலைப் பொறுத்தவரை ஆட்டத்தில் நகர்வது வீரன் அல்ல, தட்டு. ஃபில் பார்க்கர் வட்டத்தார் வகுத்த அளவுப்படி 15 மி.மீ. பொம்மைக்குத் தட்டின் அகலம் 40 மி.மீ., 25 மி.மீ. பொம்மைக்கு 60 மி.மீ. இந்த அகலம் எல்லாத் தட்டுக்கும் ஒன்றே. மாறுவது ஆழமும் ஆள் எண்ணிக்கையும். நெருங்கி நிற்கும் ஈட்டிக்காரர் நால்வர், ஆழம் 15 மி.மீ.; தளர்ந்து நிற்பவர் மூவர்; ஓடித்திரியும் கவண்காரர் இருவர், ஆழம் 20; குதிரைப்படை 30; யானைக்கும் தேருக்கும் 40. எதிராளி தலையை எண்ணினால் போதும், எதிரே நிற்பது என்ன வகைப் படை என்று தெரிந்துவிடும். நிறத்தைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

இந்த எண்களுக்குள் வரலாறு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவையாக இருக்கிறது. 15 மி.மீ. பொம்மை ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அளவு. நால்வர் 40 மி.மீ.இல் நின்றால் ஆளுக்கு 10 மி.மீ., உண்மையளவில் ஒரு மீட்டர். மாசிடோனியப் ஃபாலங்க்ஸ் (நெருங்கி நிற்கும் நீளீட்டி அணி) வீரனுக்குக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொல்லும் இடம் மூன்றடி. கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆனால் அதே பொலிபியஸ், ரோமானியன் வாளைச் சுழற்ற அதைப்போல இரு மடங்கு இடம் வேண்டும் என்கிறார். ஆகவே ஒரு ரோமானியன் முன்வரிசையில் இருவரை, மொத்தம் பத்து ஈட்டிமுனைகளை எதிர்கொள்கிறான் என்பது அவர் கணக்கு. விதிநூலோ ரோமானியருக்கும் நால்வர் என்றே வைத்திருக்கிறது. பிற்காலத்து வெஜீஷியஸ் ரோமானியருக்கும் மூன்றடி என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு இதை நியாயப்படுத்தலாம். பொலிபியஸை நம்புபவர் ரோமானியத் தட்டில் இருவரை மட்டும் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எதிராளி அதைக் கவண்காரர் என்று எண்ணிக்கொள்வார். ஆட்ட மேசையில் அறிஞர்களின் சர்ச்சை இப்படிப் பசைப்புட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறது.

ஈட்டியில் இன்னும் நெருக்கடி. சரிசா என்ற மாசிடோனிய ஈட்டி தன் காலத்தில் 14 முழம் என்கிறார் பொலிபியஸ். அதில் 10 முழம் பிடித்த கைக்கு முன்னால் நீளும். முதல் ஐந்து வரிசைகளின் முனைகள் அணிக்கு வெளியே தெரியும். பொம்மை அளவில் முழு ஈட்டி 6 செ.மீ.க்கு மேல், முன்னால் நீள்வது மட்டும் நாலரை செ.மீ.; அது நிற்கும் தட்டின் ஆழம் ஒன்றரை செ.மீ. எல்லாரும் ஈட்டியைத் தாழ்த்தினால் முன் தட்டுக்காரரின் முதுகில் குத்தும், எதிரியின் தட்டை நெருங்கவும் முடியாது. எனவே செதுக்குபவர்கள் ஈட்டியைக் குறைத்தார்கள், அல்லது நிமிர்த்திவிட்டார்கள். பொம்மைப் ஃபாலங்க்ஸ் எப்போதும் ஈட்டியை வானத்துக்கு நீட்டி நிற்பது இதனால்தான். போர் தொடங்காத ஒரு கணத்திலேயே அது உறைந்திருக்கிறது. வார்ப்பு ஈட்டி வளைந்துவிடுவதால் பலர் கையைத் துளைத்து எஃகுக் கம்பி பொருத்துகிறார்கள். துடைப்ப நார் செருகுபவர்களும் உண்டு. விரலில் குத்தாது, முறியாது.

ஆழம்தான் பெரும் பொய். பழைய விதிகளில் ஒரு பொம்மை இருபது ஆளுக்குச் சமம். அப்படியானால் பதினாறு வரிசை ஃபாலங்க்ஸையும் மூன்று, நான்கு வரிசையில் நிற்கும் படையையும் மேசையில் ஒரே விகிதத்தில் காட்ட முடியாது. பொம்மைக்குப் பாதம் இருக்கிறது, அதற்கு இடம் வேண்டும். மேசையின் நில அளவுக்கு ஏற்பத் தட்டை வெட்டினால் அது மெல்லிய கீற்றாகிவிடும், எந்த வீரனும் அதில் நிற்க மாட்டான். ஆகவே எல்லா மேசைப் போரிலும் படைகள் அகலத்துக்கு நியாயமாகவும் ஆழத்துக்கு அநியாயமாகவும் நிற்கின்றன. 6 மி.மீ. பொம்மைகளைப் பெரிய தட்டில் நெருக்கி நிறுத்துபவர்கள் இந்தப் பொய்யைக் கணிசமாகக் குறைக்கிறார்கள். 60 மி.மீ. தட்டில் நாலு வரிசையாக நின்றால் அது படை என்று தோன்றும். முகம் கிடையாது, சின்னம் கிடையாது, நிறம் வெறும் கோடு. நிறத்தைக் கொடுத்து நிலையை வாங்கிய பேரம் அது. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது.

தட்டின் மேற்பரப்பு தனிக் கதை. மரப்பசையை (நம் ஊர்க் கடையில் ஃபெவிகால்) நீர்விட்டுத் தளர்த்தி, பொம்மையின் காலிடையே பூசி, மணலில் புரட்டுகிறார்கள். காய்ந்தபின் அடர்பழுப்பு, அதன்மேல் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்மண் நிறம், கடைசியில் செயற்கைப் புல் அல்லது கடையில் விற்கும் புல்கொத்து. எளிது. ஆனால் புல்லின் நிறத்தைப் பாருங்கள்: எல்லாத் தட்டும் இங்கிலாந்தின் வீட்டு முற்றத்துப் பச்சை. ஆட்டம் வளர்ந்தது அங்கே, துணி விரித்த மேசை பச்சை, ஆகவே மெசபடோமியாவின் காகமேலாப் போர்க்களத்தில் மடிந்த பாரசீகனும் பச்சைப் புல்லில் நிற்கிறான். பித்னாப் போர் ஜூன் மாதக் கிரேக்கத்தில் நடந்தது. வைக்கோல் மஞ்சளும் வெளிறிய மண்ணும் புதர்களுமாக இருக்க வேண்டும். நிலம் அங்கே அலங்காரமும் அல்ல. சமதளத்தில் வெல்ல முடியாதிருந்த ஃபாலங்க்ஸ் மேடு பள்ளத்தில் ஏறியதும் அங்கங்கே விரிசல் விட்டது. அந்த விரிசல்களில் ரோமானியச் சிறு அணிகள் புகுந்தன. போரைத் தீர்த்தது அதுதான். நீளச்சதுரத் தட்டில் ஒட்டிய அணி விரிசல் விடாது. விதிநூல் பகடை எண்ணால் அதைக் காட்டுகிறது, பக்கத்தில் ஒரு வீழ்ந்த வீரன் பொம்மையை வைத்துக் குறிக்கிறார்கள். இத்தாலிய விதிநூலான ‘இம்பெட்டஸ்’ பெரிய தட்டுகளைக் கொண்டுவந்தது: 15 மி.மீ.க்கு 8 செ.மீ., 28 மி.மீ.க்கு 12 செ.மீ. அகலம். அவற்றில் வரிசையைச் சற்றே கலைத்து, ஒருவனைத் தடுக்கி விழச்செய்து, ஒரு பாறையைச் சுற்றி அணியைப் பிளந்து நிறுத்த இடம் இருக்கிறது. தலையை எண்ண வேண்டிய கட்டாயமும் போய்விட்டது. பண்டைய படை தீட்டுவதில் கடந்த கால் நூற்றாண்டின் உருப்படியான மாற்றம் எது என்று கேட்டால், புதுச் சாயங்களை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

நேரமில்லாதவர்கள் கூலிக்குத் தீட்டக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட பட்டறைகள் இலங்கையிலும் இருந்து, இங்கிலாந்து, அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் படை படையாகத் தீட்டி அனுப்பியிருக்கின்றன. ரெசின் அச்சுப்பொறி வீட்டுக்கு வந்துவிட்டதால் பொம்மைக்குப் பஞ்சமில்லை. மெல்லிய ஈட்டி மட்டும் அதிலும் முறிகிறது. பழைய உலோகப் பொம்மைகளுக்கு வேறு நோய். ஈயம் மிகுந்த வார்ப்பை ஓக் மர அலமாரியில் பூட்டி வைத்தால், மரத்திலிருந்து கசியும் அசெட்டிக் அமில ஆவி பட்டு அது வெண்பொடியாக அரிக்கும். ஓக்கைத் தவிர்த்து உலோக, பிளாஸ்டிக் பெட்டிகளில் வைப்பது அதனால்தான்.

1970களில் தீட்டிய படைகள் இப்போது பழம்பொருளாகக் கை மாறுகின்றன. வாங்குபவர் நிறத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பழைய கையின் மதிப்பு என்று வைத்துக்கொள்கிறார், மேலே ஒரு வார்னிஷ் பூசுகிறார். தட்டைத்தான் முதலில் பிரிக்கிறார், தன்னுடைய விதிநூலின் அளவு வேறு என்பதால். மரப்பசையில் ஒட்டியிருந்தால் ஒரு தட்டத்தில் நீர் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தால் கழன்றுவரும். சூப்பர் குளூ என்றால் சில மணி நேரம் ஃபிரீசரில் வைத்தெடுத்து, மெல்லிய கத்தியைப் பாதத்துக்கு அடியில் கொடுத்துத் திருப்ப வேண்டும்.